செய்யுள் வந்தது, எழுத்து வரவில்லை: சேலம், நாமக்கல் பள்ளிகளில் தமிழ் வகுப்பின் வரலாறு

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார் உ.வே. சாமிநாதையர். அப்போது ஐயருக்கு இருபத்தைந்து வயது. கும்பகோணம் கல்லூரியில் மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்து எட்டு மாதங்கள்தாம் ஆகியிருந்தன. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், உலா, தூது, தலபுராணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியாருக்கு வியப்பு வரவில்லை. இவையெல்லாம் படித்து என்ன பயன் என்ற பொருள்பட ஒரு கேள்விதான் வந்தது. பிறகு சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று சில பெயர்களைச் சொல்லி, படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை.

‘என் சரித்திரம்’ வாசித்தவர்களுக்குப் பழகிய கதை இது. முதலியார் சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்ததும், ஐயர் அதைப் பாடம் சொல்லத் தொடங்கி 1887இல் பதிப்பித்ததும், பிறகு பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) என்று வரிசையாக அச்சேறியதும் தமிழ் இலக்கிய வரலாற்றின் முதுகெலும்பு. ஆனால் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பிக்கப்பட்ட வரலாற்றைத் தேடுகிறவர் அந்தச் சந்திப்பை வேறு கோணத்திலும் பார்க்க வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்ட ஒருவருக்குத் தெரியாத நூலின் பெயர், ஆங்கிலக் கல்வி பெற்ற சேலத்து நீதிபதி ஒருவருக்குத் தெரிந்திருந்தது. காரணத்தை ஊகிக்க வழியுண்டு. சிந்தாமணியின் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தை ஹென்றி பவர் பாதிரியார் 1868லேயே அச்சிட்டிருந்தார். பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் மாணவர்களுக்கான பதிப்பு அது. மடத்துக்கும் திண்ணைக்கும் போகாத பழைய காப்பியம், தேர்வின் வழியாக வகுப்பறைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

அந்த நுழைவுக்கு ஒரு விலை இருந்தது. பழந்தமிழ் நூல்களை வகுப்புக்குக் கொண்டுவந்த அதே தேர்வு, மாணவர் தாமே எழுதுவது என்னும் பழக்கத்தை வகுப்புக்கு வெளியே தள்ளியது. சேலம், நாமக்கல் சமவெளியில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது.

திப்பு சுல்தானோடு செய்துகொண்ட 1792 உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கும்பினியின் கைக்கு வந்தன. முப்பது ஆண்டுகள் கழித்து, 1822இல், சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் பள்ளிக்கூடங்களைப் பற்றி அறிக்கை கேட்டார். சேலம் ஆட்சியரும் மறுமொழி அனுப்பினார். எல்லாவற்றையும் தொகுத்து 1826இல் மன்றோ எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதற்கும் 12,498 பள்ளிகள் என்ற கணக்கு இருக்கிறது. பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள்.

திண்ணைப் பள்ளியை இன்று சிலர் பொற்காலமாகவும் சிலர் இருண்ட காலமாகவும் பேசுகிறார்கள். இரண்டுக்கும் அங்கே சான்று உண்டு. மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போவது, சட்டாம்பிள்ளை முன்சொல்ல மற்றவர்கள் கூடவே சொல்வது, எண்சுவடியும் நெல்லிலக்கமும் தலைகீழாக ஒப்பிப்பது, தவறினால் கோதண்டத்தில் தொங்குவது எல்லாம் அங்கே உண்டு. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, வெற்றிவேற்கை, பிறகு நிகண்டு, சதகம் என்று பாட வரிசை போகும். சதகங்களில் அறப்பளீசுர சதகம் இந்தப் பகுதிக்கு நெருக்கமானது. கொல்லிமலை அறப்பளீசுவரர்மேல் அம்பலவாணக் கவிராயர் பாடியது. இராம நாடகக் கீர்த்தனை பாடிய சீர்காழி அருணாசலக் கவிராயரின் மகன் அவர். சங்கப் புலவர்கள் வல்வில் ஓரியைப் பாடியதும் இதே மலையை வைத்துத்தான். ஆனால் அந்தப் பாட்டுகள் அன்று எந்தத் திண்ணையிலும் ஒலிக்கவில்லை. மலையடிவாரத்துப் பையன் கொல்லிமலையை அறப்பளீசுரர் வழியாக அறியலாம், ஓரி வழியாக அறிய முடியாது.

திண்ணையைத் தாண்டி, ஒரு வித்துவானிடம் போய்ச் சேர்ந்தவருக்குக் கதை மாறும். அங்கே செய்யுள் படிப்பதும் செய்யுள் செய்வதும் ஒரே படிப்பு. ஆசிரியர் ஈற்றடி ஒன்றைக் கொடுப்பார். மாணவர் அதற்கேற்ப வெண்பா முடிக்க வேண்டும். புதிதாக வந்த மாணவரின் தகுதியைப் பார்ப்பதும் இப்படித்தான். நூறு அந்தாதி படித்தவர் நூற்றியோராவது அந்தாதியை எழுதத் தெரிந்தவராக இருந்தார். அந்த எழுத்தில் பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்ததாக இருந்தது என்பது உண்மை. ஆனாலும் படித்ததை வைத்து எழுதுவது என்ற பழக்கம் அங்கே உயிரோடு இருந்தது. அந்தப் படிப்பு எத்தனை பேருக்கு, எந்தச் சாதியாருக்குக் கிடைத்தது என்று கேட்டால் விடை சுருக்கமானது: மிகச் சிலருக்கு.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதே ஆண்டில் சேலத்தில் தொடங்கிய அரசுப் பள்ளி 1879இல் இரண்டாம் நிலைக் கல்லூரியாக உயர்ந்து, பிறகு சேலம் நகராட்சிக் கல்லூரி என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டது. இன்றைய அரசு கலைக் கல்லூரி அதுதான். மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினால் உத்தியோகம் என்று ஆனபோது, தமிழும் ஒரு தாளாகச் சுருங்கியது. அந்தத் தாளுக்கென்று இத்தனை பாடல், இத்தனை பக்கம் உரைநடை என்று குறித்துக் கொடுத்தார்கள். குறித்ததற்குப் பொருள் எழுதினால் மதிப்பெண். இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்கள் ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பாடமாக ஏற்பதற்கு முன்பே இந்தியாவில் அது பாடமாகிவிட்டது என்று கௌரி விஸ்வநாதன் தம் ஆய்வில் காட்டியிருக்கிறார். ஷேக்ஸ்பியருக்கு வகுத்த அந்தப் பாடநூல், பகுதி, பொருள் விளக்கம், தேர்வு என்ற ஏற்பாட்டுக்குள் கம்பரும் வந்து உட்கார வேண்டியிருந்தது.

அடுத்த திருப்பம் விசித்திரமானது. 1906இல் வந்த பல்கலைக்கழக விதிகள் தாய்மொழியில் கட்டுரை எழுதுவதை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு இலக்கியப் படிப்பை விருப்பத்துக்கு விட்டன. 1910ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி. திட்டத்திலும் தாய்மொழிக் கட்டுரையும் மொழிபெயர்ப்பும்தான் முன்னே நின்றன. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலிருந்து மறைமலையடிகள் 1911இல் விலகியது இந்தச் சூழலில்தான். இலக்கியத்தை விலக்கி எழுத்தை மட்டும் வைத்தால் எழுத்தாவது வளர்ந்திருக்க வேண்டுமே? நடந்தது வேறு. பசுவைப் பற்றியும் ரயில் பயணத்தைப் பற்றியும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வரையும் ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. நூறு ஆண்டு கழித்து ராசிபுரத்துப் பிள்ளை இன்றும் அதே மூன்று உள்தலைப்புகளைக் கோடிட்டுத்தான் எழுதுகிறது. படிப்பதற்கு நூலில்லாத இடத்தில் எழுத்துக்கு மாதிரி எங்கிருந்து வரும்?

தமிழ்ப் பண்டிதரின் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் காலத்து உயர்நிலைப் பள்ளியில் மற்ற ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம், கடைசி நாற்காலி. கோட்டும் தலைப்பாகையும் இருந்தாலும் கேலிக்கு ஆளானவர் அவர்தான். தலைமையாசிரியர் பதவி அவருக்கு எட்டாக்கனியாகவே நெடுநாள் இருந்தது. வகுப்பில் இலக்கியத்தைத் தாங்க வேண்டியவரைப் பள்ளி எந்த இடத்தில் வைத்ததோ, அந்த இடத்தில்தான் இலக்கியமும் இருந்தது.

சேலத்துக்கு ஒரு முரண் உண்டு. தமிழில் எதையும் சொல்லலாம் என்று நிறுவப் பாடுபட்டவர்களும், தமிழ்ப் பாடத்துக்கு ஆபத்து என்று பெரும் போராட்டத்துக்குக் காரணமானவர்களும் இங்கிருந்தே புறப்பட்டார்கள். சில சமயம் இருவரும் ஒரே ஆள். வழக்கறிஞராக இருந்த ராஜாஜி 1916இல் நண்பர்களோடு சேர்ந்து அறிவியல் கலைச்சொற்களுக்கான சங்கம் ஒன்றைச் சேலத்தில் தொடங்கி, அதற்கென்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். கல்கி அங்கே இருந்து ‘விமோசனம்’ இதழுக்கு உழைத்தார். அதே ராஜாஜி முதலமைச்சராகி, 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். ஆணை 1940 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் நடந்த கிளர்ச்சி தமிழ் வகுப்பின் தன்மையை மாற்றிவிட்டது. அதுவரை பாடத்தை நடத்திவிட்டுப் போன பண்டிதர், அதற்குப் பிறகு ஒரு கொள்கையின் பேச்சாளராகவும் ஆனார். சங்க இலக்கியம் மதிப்பெண்ணுக்கு உரியது என்பதோடு பெருமைக்கும் உரியதானது.

திருச்செங்கோட்டில் இன்னொரு வேலையும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. தி.அ. முத்துசாமிக் கோனார் கொங்குநாட்டு ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1923இல் கொங்குமண்டல சதகத்தைப் பதிப்பித்தார். உள்ளூரின் இலக்கியம் உள்ளூரிலேயே அச்சேறியது. அது பள்ளிப் பாடத்துக்குள் போகவில்லை. மாகாணம் முழுவதற்கும் ஒரே பாடம் என்ற ஏற்பாட்டில் வட்டாரத்துக்கு இடம் இருப்பதில்லை, இன்றும் பெரிதாக இல்லை. மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளைகூட 1949இல் அரசவைக் கவிஞரான பெருமையோடுதான் பாடநூல்களில் நிலைத்தார். மோகனூர்க்காரர் என்பதால் யாரும் அவரைச் சேர்க்கவில்லை.

இந்த வரலாற்றில் மிகச் செழிப்பான பகுதி 1940களின் நடுவிலிருந்து 1950களின் நடுவரை சேலம் நகரத்தில் நடந்தது. 1944இல் சேலம் நகராட்சிக் கல்லூரிக்குத் தமிழ்ப் பேராசிரியராக வந்தார் ஞா. தேவநேயப் பாவாணர். 1956 வரை இங்கேயே இருந்தார். சொல்லாராய்ச்சியாளராகத்தான் அவரை உலகம் நினைக்கிறது. ஆனால் பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் நடத்திய அனுபவத்தில், மாணவர்க்கான கட்டுரை நூல்களையும் அவர் எழுதியிருக்கிறார். 1950களின் தொடக்கத்தில் இரண்டு பாகங்களாக வந்த ‘உயர்தரக் கட்டுரை இலக்கணம்’ சேலத்தில் இருந்தபோது எழுதியது. செய்யுளுக்கு யாப்பிலக்கணம் இருப்பதுபோல் உரைநடைக்கும் ஒழுங்கான இலக்கணம் வேண்டும், அதை மாணவருக்குப் படிப்படியாகக் கற்பிக்க முடியும் என்பது அவர் துணிபு. பாவாணரின் தூய தமிழ் நடையை ஏற்காதவர்களும் இருக்கலாம். உரைநடை எழுதுவதைக் கற்பிக்கத் தக்க ஒரு கலையாக நினைத்து, அதற்கென்று உழைத்த தமிழறிஞர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் அந்த நூலின் அருமை புரியும்.

அதே நகரத்தில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனின் கதை இதைவிடச் சுவையானது. சேலம் மாவட்டத்துச் சமுத்திரம் என்னும் ஊரில் 1933இல் பிறந்த துரை. மாணிக்கம், பள்ளிப் பருவத்திலேயே ‘குழந்தை’ என்ற பெயரில் கையெழுத்து இதழ் ஒன்றை நடத்தினார். பிறகு ‘மலர்க்காடு’ என்று இன்னொன்று. அதில் அவருக்குப் புனைபெயர் அருணமணி. அந்த வயதிலேயே இரண்டு நெடும்பாட்டுக் கதைகளும் எழுதியிருந்தார். பின்னாளில் அவை ‘கொய்யாக்கனி’, ‘ஐயை’ என்று நூலாயின. சேலம் நடேசனார், பொன்னம்பலனார் என்ற இரு தமிழாசிரியர்கள் அவரை உருவாக்கினார்கள். கல்லூரியில் பாவாணர் வாய்த்தார். 1959இல் ‘தென்மொழி’யைத் தொடங்கிய பெருஞ்சித்திரனார் இந்தப் பையன்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது எளிய செய்தி. அவர் எழுத்தில் எதுவும் தேர்வுக்காக எழுதியதல்ல. கையெழுத்து இதழுக்கு மதிப்பெண் கிடையாது. நாலு முழத்தாளை மடித்துத் தைத்து, தலையங்கம் எழுதி, படம் வரைந்து, ஒரே படியை வகுப்பு முழுக்கச் சுற்றவிடும் அந்தப் பழக்கம் தமிழ்நாடெங்கும் அன்றைய உயர்நிலைப் பள்ளிகளில் இருந்தது. பழைய ஈற்றடிப் பயிற்சியின் இடத்தை ஓரளவு நிரப்பியது அதுதான். பாடநூலில் படித்த விருத்தத்தின் ஓசையை வைத்துத் தானும் ஒன்று எழுதிப் பார்க்க அங்கே இடம் இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில், குமாரபாளையத்துக்கு எதிரே பவானியில், உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியராக இருந்த புலவர் குழந்தை யாப்பைக் கற்க விரும்புகிறவர்களுக்காக ‘யாப்பதிகாரம்’ எழுதினார். 1946இல் அவர் வெளியிட்ட ‘இராவண காவியம்’ 1948இல் தடை செய்யப்பட்டு 1971இல்தான் விடுபட்டது. தடை செய்யும் அளவுக்குக் காரமாக எழுதக்கூடியவர் ஊர்ப் பள்ளியில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தார் என்பதே அக்காலத்துப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

எதிர்முனையிலும் சேலம் இருந்தது. புதுக்கவிதைக்கான ‘நடை’ இதழ் 1968இல் இங்கிருந்துதான் வந்தது. அதன் பின்னே இருந்தவர் ஆங்கிலப் பேராசிரியர் சி. மணி. யாப்பை உடைத்த அவரே 1975இல் செல்வம் என்ற பெயரில் ‘யாப்பும் கவிதையும்’ என்று ஒரு நூல் எழுதினார். மரபை விட்டவருக்கும் மரபின் கணக்கு கைவசம் இருந்தது.

இந்த வளமெல்லாம் சில ஆசிரியர்களின் கைச்செலவில் நடந்தது. அமைப்பு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1940களில் திருச்சியிலிருந்து கோனார் உரை வரத் தொடங்கியது. தூய வளனார் கல்லூரித் தமிழ்த்துறையின் ஐயன்பெருமாள் கோனார் எழுத, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்டது. பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு, வினா விடை எல்லாம் ஒரே இடத்தில். கோனார் உரையைப் பழிப்பது எளிது. வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத எடப்பாடிப் பக்கத்துப் பிள்ளைக்கு அதுதான் வீட்டு வாத்தியாராக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1950களிலும் 60களிலும் ஊருக்கு ஊர் பள்ளி திறந்து, முதல் தலைமுறைப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் உள்ளே வந்தபோது, உரைநூல் இல்லாமல் புறநானூற்றை அவர்களிடம் கொடுத்திருக்க முடியாது. ஆனால் உரையைப் படித்துவிட்டுப் பாட்டை விட்டுவிடும் வழக்கமும் அங்கேதான் தொடங்கியது.

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் என்று ஆனது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்து, 2006 சட்டத்தால் ஒழிந்தது. அதன்பிறகு பன்னிரண்டாம் வகுப்புப் பாட மதிப்பெண்ணே மருத்துவமும் பொறியியலும் தந்தது. 2017இல் நீட் வரும்வரை இதுதான் நிலை. லாரித் தொழிலும் கோழிப்பண்ணையும் போர்வெல் வண்டியும் வளர்த்த பணத்தோடு, நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் விடுதிப் பள்ளிகள் எழுந்தன. 1997 ஜனவரி 1இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம், சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் இடமாகிவிட்டது.

இந்தப் பள்ளிகள் தமிழை ஒதுக்கின என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மருத்துவ, பொறியியல் கட்-ஆஃப் கணக்கில் மொழிப்பாடத்துக்கு இடமில்லை. ஆகவே பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தாண்டிப் போனதுபோல் தமிழ் வகுப்பையும் இயற்பியலுக்குக் கடன் கொடுத்தார்கள். மதிப்பெண் எளிது என்று சம்ஸ்கிருதமோ பிரெஞ்சோ எடுக்க வைத்தவர்களும் உண்டு. ஆனால் மாநில ரேங்க் வேறு கணக்கு. 1200க்கு எடுத்த மொத்த மதிப்பெண்ணில், தமிழை மொழிப்பாடமாக எடுத்தவர்களுக்கே அந்தப் பட்டம். நாளிதழ் முதல் பக்கத்தில் படம் வரவேண்டுமானால் தமிழில் 200க்கு 195க்கு மேல் தேவை. கட்-ஆஃபுக்கு வேண்டாத தமிழ், ரேங்குக்குக் கட்டாயம் வேண்டியதாயிற்று.

அதன் விளைவு தமிழ் ஒதுக்கப்பட்டதைவிட மோசமானது என்று சொல்லலாம். தமிழைத் துல்லியமாகப் பிரித்து, வினாவுக்கு இவ்வளவு வரி என்று அளந்து, ‘மெட்டீரியல்’ ஆக்கினார்கள். ப்ளூ பிரிண்ட்டைப் பார்த்து வராத பாடத்தைக் கழித்தார்கள். நெடுவினாவுக்கு உள்தலைப்பு, நடுநடுவே ஒரு குறள், முடிவுரைக்கு ஆயத்த வாக்கியம். ஸ்லிப் டெஸ்ட்டில் ஒரு வார்த்தை பிசகினால் பத்து முறை எழுத்து வேலை. திண்ணையில் மனப்பாடம் செய்தவனுக்குப் பாட்டு மிஞ்சியது. இங்கே மனப்பாடம் செய்தவனுக்கு விடை மிஞ்சியது, அதுவும் மார்ச் மாதம் வரைதான். பொதுக்கட்டுரையைக்கூட மனப்பாடமாக எழுதலாம் என்று நிரூபித்தது இந்த வட்டாரத்தின் தனிச் சாதனை.

அரசு சும்மா இருக்கவில்லை. 2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயமாக்கி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2016இல் பிறப்பித்த ஆணையால் திருக்குறளின் அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் இருந்து 105 அதிகாரங்கள் ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வகுப்புகளுக்குப் பங்கிடப்பட்டன. 2017இல் ரேங்க் அறிவிக்கும் வழக்கம் நின்றது. மேல்நிலை வகுப்பில் 1200 மதிப்பெண் 600 ஆனது. 2018 முதல் புதிய பாடநூல்கள் வந்தன. பத்தாம் வகுப்புத் தமிழில் முல்லைப்பாட்டும் மலைபடுகடாமும் சிலப்பதிகாரமும் இருக்கின்றன. கூடவே கி. ராஜநாராயணனின் கோபல்லபுரத்து மக்கள், ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி, கு. அழகிரிசாமியின் கதை. நூலின் அழகும் தேர்வும் பாராட்டத் தக்கவை. இராமசாமி முதலியார் சொன்ன பெயர்களை இன்று பதினைந்து வயதுப் பிள்ளை பாடமாகப் படிக்கிறது.

எழுத்து மட்டும் வரவில்லை. இரண்டு தாளாக இருந்த மொழித்தேர்வு மேல்நிலை வகுப்புகளுக்கு 2018இலும் பத்தாம் வகுப்புக்கு 2019இலும் ஒரே தாளாகச் சுருக்கப்பட்டது. மாணவரின் சுமை குறைந்தது என்பது சரி. இரண்டாம் தாளில் இருந்த கட்டுரை, கடிதம், மொழிப்பயிற்சி எல்லாவற்றுக்கும் தனி இடம் போயிற்று என்பதும் சரி. பத்தாம் வகுப்பில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு நல்ல வினா இருக்கிறது. படத்தைப் பார்த்து நாலு வரி சொந்தமாக எழுத வேண்டும். அதற்கும் எந்தப் படத்துக்கும் பொருந்தும் ஆயத்தக் கவிதை வழிகாட்டி நூல்களில் வந்துவிட்டது. 2022 முதல் பதினொன்றாம் வகுப்பு மாணவருக்குத் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு நடக்கிறது. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை. நல்ல திட்டம், ஆனால் இலக்கியத் திறனை அளப்பது கொள்குறி வகை வினாக்கள். நான்கில் ஒன்றைக் கருமையாக்குவதற்கு எழுதத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் யோசிக்க வைக்கிறது. 2024 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் சென்டம் எடுத்தவர்கள் 20,691 பேர். தமிழில் 8 பேர். தமிழ் கடினம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். இத்தனை மெட்டீரியலுக்குப் பிறகும் முழுதாக வாய்பாட்டுக்குள் அடங்காத ஏதோ ஒன்று தமிழ்த் தாளில் மிஞ்சியிருக்கிறது என்றும் இதைப் படிக்கலாம்.

நாமக்கல்லில் அந்த மிச்சத்தை வளர்த்தவர்கள் பள்ளிக்கு வெளியேதான் இருந்தார்கள். அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்த பெருமாள்முருகன், ‘கூடு’ என்ற பெயரில் ஆய்வுச் சந்திப்பு நடத்தினார். உ.வே.சா. பற்றிய கட்டுரைத் தொகுதி ஒன்றை 2005இல் பதிப்பித்தவர் அவர். பழைய இலக்கியப் படிப்பும் புதிய எழுத்தும் அவரிடம் ஒரே வேலை. 2013இல் வந்த ‘சாதியும் நானும்’ தொகுப்பில், பெரும்பாலும் இந்தச் சமவெளியைச் சேர்ந்த மாணவர்களும் நண்பர்களும் தங்கள் சாதி அனுபவத்தைத் தங்கள் மொழியில் எழுதினார்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பன்னிரண்டு ஆண்டுகள் பழகிய கைகள் அதை மறந்து எழுதியபோது என்ன வரும் என்பதற்கு அந்த நூல் சாட்சி. அந்தப் பயிற்சி பள்ளியில் தொடங்கியிருக்க முடியாதா என்ற கேள்வியை அது எழுப்புகிறது.

பள்ளிக் கல்வித்துறை 2022இல் தொடங்கிய ‘தேன்சிட்டு’, ‘ஊஞ்சல்’ சிறார் இதழ்களில் மாணவர் படைப்புகளும் வருகின்றன. நல்ல தொடக்கம். ஆனால் சென்னையில் அச்சாகும் இதழ் ஒவ்வொரு பள்ளியின் கையெழுத்து இதழுக்கும் ஈடாகாது.

இந்த ஆய்வுக்குப் பெரிய தடை, மாணவர் எழுத்து எங்கும் சேமிக்கப்படாததுதான். பாடநூல் கிடைக்கிறது, அரசாணை கிடைக்கிறது, வினாத்தாள்கூடக் கிடைக்கிறது. 1950களில் சேலத்துப் பள்ளிகளில் சுற்றிய கையெழுத்து இதழ்களில் எத்தனை எஞ்சியிருக்கின்றன? ஆத்தூரிலோ சங்ககிரியிலோ பரமத்தி வேலூரிலோ பழைய பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் இதைப் படித்தால், ஒரு வேண்டுகோள்: பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் பழைய ஆண்டு மலர்களையும் மாணவர் இதழ்களையும் கட்டுரை நோட்டுகளையும் எடைக்குப் போடாதீர்கள். மாவட்ட மைய நூலகத்துக்குக் கொடுங்கள், அல்லது பக்கத்துக் கல்லூரித் தமிழ்த்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.